கூல்டின் ஹம்மிங்பேர்டு தொகுதிகளை நேரில் பார்க்க நான் பட்ட பாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பறவையியலாளர் ஜான் கூல்ட் வெளியிட்ட ஹம்மிங்பேர்டு படத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும் என்று நூலகத்தில் கேட்டதும் எனக்குக் கிடைத்த முதல் பதில்: "அதுதான் இணையத்தில் முழுசாக இருக்கிறதே, அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்." உங்களுக்கும் இதே பதில் வந்தால் தயவுசெய்து அத்தோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டிய விஷயமே ஸ்கேனில் கிடையாது.

ஐந்து பெரிய தொகுதிகள், 360 படங்கள், 1849 முதல் 1861 வரை லண்டனில் பகுதி பகுதியாக வந்தவை. கல்லச்சில் அச்சடித்து ஒவ்வொன்றையும் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பறவையின் தொண்டையும் உச்சியும் மின்ன வேண்டிய இடங்களில் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, அதன் மேல் ஒளி ஊடுருவும் எண்ணெய் வண்ணமும் வார்னிஷும் பூசினார்கள். ஸ்கேனரின் நேர் வெளிச்சத்தில் அந்த இடம் செத்துப்போய், பழுப்பாக ஒரு திட்டு மட்டும்தான் தெரிகிறது. நான் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவள். எங்கள் வேலையில் ரேக்கு வெளியே தெரிய வேண்டும். மெல்லிய கோடு போடுவோமே தவிர அதை வண்ணத்தால் மூட மாட்டோம். இவர்கள் மூடியிருக்கிறார்கள், ஆனாலும் உள்ளே இருந்து மின்னுகிறது என்று படித்ததிலிருந்து அதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு பெரிய நூலகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். வாசகர் அட்டைக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அடையாளச் சான்று முடிந்தது. முகவரிச் சான்றில்தான் இழுத்தடித்தார்கள். அவர்களுடைய தளத்தில் "சமீபத்திய முகவரிச் சான்று" என்று மட்டும்தான் போட்டிருந்தது. வீட்டில் பிரிண்ட் எடுத்த வங்கி அறிக்கை செல்லாது, தபாலில் வந்த அசல்தான் வேண்டும் என்றார் மேசையில் இருந்தவர். மின்சார பில்லும் கேஸ் பில்லும் கணவர் பெயரில் இருந்ததால் அவையும் செல்லவில்லை. இதை முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் ஒரு பகலும் ரயில் கட்டணமும் மிஞ்சியிருக்கும். கடைசியில் கைகொடுத்தது, கவுன்சில் வரிக்காக (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) இருவர் பெயரும் போட்டு வந்த கடிதம். உங்கள் பெயர் அதில் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அதையே எடுத்துப் போங்கள்.

அப்புறம், எதற்காகப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி. எந்தப் பல்கலைக்கழகம் என்று மேசையில் இருந்தவர் கேட்டார். எதுவும் இல்லை என்றேன். "அப்படியென்றால் பொது ஆர்வம்" என்று அவரே குறித்துக்கொண்டார். பொது ஆர்வம் என்று பதிவானால் ஸ்கேன்தான், அசல் கிடையாது. நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தை அவர் படிக்கக்கூட இல்லை. அந்தக் குறிப்பை மாற்றச் சொன்னேன், கணினியில் மாற்ற முடியாது என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு நூலகத்தின் வாசலில் நின்றுகொண்டு, படிப்பதற்கான தகுதியை இன்னொருவர் ஒரு பெட்டியில் டிக் அடித்து முடிவு செய்வது எந்த விதத்தில் நியாயம்?

அரிய நூல் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். ஸ்கேனில் பழுப்புத் திட்டாகத் தெரியும் ஒரு தொண்டைப் பகுதியை வெட்டி இணைத்து, "இந்த இடத்தில் ரேக்கு வண்ணத்துக்குக் கீழே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இந்தப் படத்தில் அது தெரியவில்லை" என்று எழுதினேன். மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது: வாருங்கள், எடுத்து வைக்கிறோம். அசல் வேண்டும் என்று கேட்பவர்கள் இதைச் செய்யுங்கள். "பார்க்க ஆசை" என்று எழுதுவதைவிட, ஸ்கேனில் எது தெரியவில்லை என்று காட்டுவது வேலை செய்கிறது.

போனேன். மேசையில் இருந்தது முதல் தொகுதி. அது மட்டும்தான். ஐந்துக்கும் சேர்த்து அட்டவணையில் ஒரே பதிவு இருப்பதால், நான் கேட்டதற்கு முதலாவதை எடுத்து வைத்துவிட்டார்கள். மற்றவை வேறு கிடங்கில். வர நாள் ஆகும். தொகுதி எண்ணைக் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள், ஆனால் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. அதைவிடக் கொடுமை, முதல் தொகுதியில் பெரும்பாலும் ஹெர்மிட் வகைப் பறவைகள். பழுப்பும் சாம்பலுமாக, மின்னாத கூட்டம். அழகான படங்கள்தான், ஆனால் நான் தேடிப் போனது அங்கே இல்லை.

ஆகவே புறப்படும் முன் எந்தத் தொகுதி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூல்ட் பகுதிகளை வெளியிட்டபோது இனவாரியாக வெளியிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வரிசைப்படுத்திக் கட்டினார்கள். வரிசை தெரிய தொகுதியின் முன்னால் இருக்கும் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் ஸ்கேன் நன்றாக உதவும். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் பட்டியலைத் திறந்து, இரண்டாம் தொகுதியில் டோபாஸா பெல்லா, மூன்றாம் தொகுதியில் லோடிஜீசியா மிராபிலிஸ் என்று இரண்டு ஹம்மிங்பேர்டு இனங்களின் அறிவியல் பெயரைக் குறித்து அனுப்பினேன். இந்த முறை இரண்டும் காத்திருந்தன.

பை லாக்கரில், பேனா கூடாது, பென்சில் மட்டும், கையுறை வேண்டாம், கையைக் கழுவித் துடைத்தால் போதும். இதில் சிக்கல் இல்லை. ஃபோம் முட்டுகளின் மேல் விரித்து வைத்தால் புத்தகம் முக்கால் மேசையை அடைத்துக்கொள்கிறது.

டோபாஸா பெல்லாவைத் திறந்ததும் எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. தலைக்கு நேர் மேலே குழல் விளக்கு. தொண்டை ஸ்கேனில் இருந்த அதே பழுப்பு. செல்போன் டார்ச் அடிக்க அனுமதி இல்லை. அறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் போய், வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலோர மேசைக்குப் புத்தகத்தை மாற்றி, இடது பக்கத்து ஃபோமைக் கொஞ்சம் உயர்த்தினார். தொண்டை பற்றிக்கொண்டது. பச்சையும் பொன்னுமாக, தலையை அசைத்தால் ஆரஞ்சாக மாறுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: ரேக்கின் மேல் செதில் செதிலாகத் தூரிகைக் கீற்றுகள், கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவில் மயிரிழை அளவு வெறும் தங்கம். அந்த இடைவெளியில்தான் மினுமினுப்பே இருக்கிறது. முழுவதும் பூசியிருந்தால் அணைந்திருக்கும். எதிர்ப் பக்கத்தில் வார்னிஷின் தடம் மங்கலாகப் படிந்திருந்தது.

இதை வரைந்தவர்கள் பதம் செய்த தோல்களைப் பார்த்து வரைந்தார்கள். கூல்டே உயிருள்ள ஹம்மிங்பேர்டை முதலில் பார்த்தது 1857-ல், பிலடெல்பியாவில். புத்தகம் வரத் தொடங்கி எட்டு வருஷம் ஆகியிருந்தது. 1851-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் தன்னிடமிருந்த பதம் செய்த பறவைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து மக்களுக்குக் காட்டினார், விக்டோரியா மகாராணியும் வந்து பார்த்தார். லோடிஜீசியாவுக்கோ அப்போது உலகத்திலேயே ஒரே ஒரு தோல்தான் இருந்தது, பெருவிலிருந்து வந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு, நுனியில் வட்டத்தகடு போல விரியும் அந்த வால் இறகுகளைப் பறக்க விட்டிருக்கிறார்கள்.

படம் எடுக்க ஒரு படிவம் உண்டு, ஃபிளாஷ் கூடாது. எடுத்துப் பயனில்லை, கேமராவிலும் தங்கம் பழுப்பாகத்தான் வருகிறது. கலர் பென்சில் கொண்டு போகலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எனக்கு அனுமதிக்கவில்லை, பென்சிலில் வரைந்து வண்ணங்களை எழுத்தால் குறித்துக்கொண்டேன். குளிர்காலம் என்றால் காலை நேரத்தையே கேளுங்கள், மத்தியானம் தாண்டினால் ஜன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. இன்னொன்று: கூல்ட் 1881-ல் இறந்த பிறகு ஷார்ப் என்ற பறவையியலாளர் முடித்து 1887-ல் நிறைவு பெற்ற இணைப்புத் தொகுதியும் உண்டு. நான் போன நூலகத்தில் அது ஐந்து தொகுதிப் பதிவுக்குள் வரவில்லை, தனிப் பதிவு. அதையும் பார்க்க வேண்டும் என்றால் தனியாகத் தேடி, தனியாகக் கேட்க வேண்டும்.