ரபாத்தில் ராணுவ ஃபுட்பால் டீமும் மீட்டர் போடாத டாக்ஸியும்

முதலில் டாக்ஸி பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன். அது மனசில் இருக்கும்வரை மற்ற எதையும் நிதானமாக எழுத வராது. மொராக்கோவின் தலைநகரான ரபாத்தில், அக்தால் ரயில் நிலைய வாசலில், ராணுவ அணியின் மேட்ச் நடக்கும் பிரின்ஸ் மௌலாய் அப்துல்லா மைதானத்துக்குப் போக 150 திர்ஹம் கேட்டார் ஒரு புண்ணியவான். ஒரு திர்ஹம் நம் பணத்தில் ஒன்பது ரூபாய்க்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரபாத்தின் நீலநிற 'பெத்தி டாக்ஸி'களில், அதாவது ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸிகளில், மீட்டர் உண்டு. இவர் வண்டியிலும் இருந்தது, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். மீட்டர் போடுங்கள் என்றால் 'ரிப்பேர்' என்கிறார், துண்டுக்குக் கீழே சிவப்பு எண்கள் பளிச்சென்று எரிகின்றன. இரவில் பாதிக் கட்டணம் கூடுதல் என்பது சட்டப்படியே உள்ளதுதான், அதைச் சேர்த்தாலும் அவர் கேட்ட தொகையின் பக்கத்தில்கூட வராது. டிராமில் போகலாம் என்றால் அது மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நடந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கறுப்பு மஃப்ளர் சுற்றிய இரண்டு பையன்கள் வேறொரு டாக்ஸியை நிறுத்தினார்கள், என்னைப் பார்த்து "கூயா, ஜெய்ஷ்?" என்றார்கள். கூயா என்றால் சகோதரா, ஜெய்ஷ் என்றால் ராணுவம். ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று பேர்தான் ஏறலாம் என்பது இங்கே விதி, மூன்றாவது ஆள் நான். மீட்டர் 33 காட்டியது, என் பங்காகப் பத்துக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்கள்.

விசா, தங்குமிடம், சாப்பாடு, மேட்ச் என்று வரிசையாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். அது நடக்காது போலிருக்கிறது, மேட்ச்சைப் பற்றித்தான் கை ஓடுகிறது.

ஊரில் எல்லோரும் 'ஃபார்' என்கிற இந்த அணியின் முழுப்பெயர் ராயல் ஆயுதப்படைகள் விளையாட்டுச் சங்கம். மொராக்கோ 1956-இல் சுதந்திரம் பெற்றது, அதே ஆண்டு ராணுவம் அமைந்தது, பட்டத்து இளவரசர் ஹசன் அதன் தலைமைத் தளபதி. 1958-இல் ராணுவத்துக்கு ஒரு ஃபுட்பால் கிளப்பும் வந்தது. இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டே 1959-இல் நாட்டின் நாக்-அவுட் போட்டியான சிம்மாசனக் கோப்பையைத் தூக்கினார்கள், அப்புறம் 1961 முதல் 1964 வரை நான்கு வருஷமும் லீக் பட்டம் அவர்களுக்குத்தான். காசாபிளாங்காவின் விதாத், ராஜா என்ற இரண்டு அணிகளின் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் 'அரண்மனை செல்லப்பிள்ளை' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். காசாபிளாங்காவில் நான் தங்கிய விடுதியில் இருந்தவர் அதைத்தான் செய்தார், கூடவே ரபாத் ஒரு தூங்குமூஞ்சி ஊர், போகாதே என்று அறிவுரை வேறு.

கிளப்பின் பெரிய மனிதர்கள் பட்டியலே ராணுவ அணிவகுப்புதான். ஹோஸ்னி பென்ஸ்லிமான் இந்த அணியின் கோல்கீப்பராக இருந்தவர், பிறகு நாட்டின் ஜெண்டார்மெரி என்ற ராணுவ போலீஸ் படைக்குப் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிய ஜெனரல், நடுவில் தேசிய ஃபுட்பால் சங்கத்துக்கும் தலைவர். 1970 உலகக்கோப்பையில் மொராக்கோவின் கேப்டனாக இருந்த திரிஸ் பாமூஸ் இந்த அணிக்காரர், ராணுவ அதிகாரி, அவரும் பின்னாளில் சங்கத் தலைவர் ஆனார். 1970 லீக் பட்டத்துக்குப் பிறகு அடுத்தது 1984-இல்தான் வந்தது. ஹசன் மன்னராக இருந்தபோது 1971-இல் ரபாத்துக்குத் தெற்கே ஸ்கிராத் அரண்மனையில் ராணுவத்தினரே அவருக்கு எதிராகக் கிளர்ந்ததும், மறு ஆண்டு அவருடைய விமானத்தைப் போர் விமானங்கள் சுட்டதும் இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரலாற்று ஆசிரியன் இல்லை, ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் புருவம் உயரத்தான் செய்கிறது.

இப்படியெல்லாம் படித்துவிட்டுப் போனதால், கேலரியில் முடி ஒட்ட வெட்டிய சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அதற்கு முன் டிக்கெட். கோல் கம்பத்துக்குப் பின்பக்க இடம் 40 திர்ஹம்தான், விலையில் குறையே இல்லை. வாங்குவதுதான் பாடு. இணையத்தில் மட்டும்தான் என்கிறார்கள், பாஸ்போர்ட் எண் முதல் எல்லாவற்றையும் நிரப்பி முடித்தபின் என் வங்கி அட்டையை அந்தத் தளம் துப்புகிறது, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பி என்கிறது. வெளிநாட்டுக்காரன் ஒருவன்கூட லீக் மேட்ச் பார்க்க வரமாட்டான் என்று முடிவு செய்துதான் அதைக் கட்டியிருக்க வேண்டும். கடைசியில் ரபாத் விடுதியின் வரவேற்பறைப் பெண் தன் அட்டையில் வாங்கிக் கொடுத்தார், ஒரு திர்ஹம் கூடுதலாக வாங்கவில்லை.

நுழைவாயிலில் சோதனை மேல் சோதனை. லைட்டர் கூடாது, சில்லறை கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது, பவர் பேங்க்கும் கூடாது. சில்லறையைத் தூக்கிப் போடச் சொன்னபோது வயிறு எரிந்தது, என் இரவுச் சாப்பாட்டில் பாதி அது. வெளியே ஓடிவந்து, சுட்ட வேர்க்கடலை விற்கும் ஒரு பெரியவரிடம் சில்லறையைக் கொடுத்துக் கடலை வாங்கிக்கொண்டு, பவர் பேங்க்கையும் அவரிடமே ஒப்படைத்தேன். மேட்ச் முடிந்து வந்தபோது பத்திரமாகத் திருப்பித் தந்தார். பையைத் திறந்தால் அதில் ஏற்கனவே ஐந்தாறு பவர் பேங்க். பலே தொழில்.

மைதானம் பிரமாண்டம். 1983-இல் திறந்த பழையதை இடித்துவிட்டு 2025 செப்டம்பரில் திறந்த புதியது, 68,000 பேருக்கு மேல் உட்காரலாம். பழையதில் ஓட்டப்பந்தயத் தடம் சுற்றி ஓடியதால் ஆட்டம் எங்கோ தூரத்தில் தெரியும் என்றார்கள், இதில் தடமே இல்லை, கோல்கீப்பர் திட்டுவதுகூடக் காதில் விழும் தூரம். விழும் என்றா சொன்னேன்? விழாது. கேலரி விடாது.

ஒட்ட வெட்டிய முடியும் இல்லை, சிப்பாயும் இல்லை. ரபாத்தின் ஓரப் பகுதிகள், ஆற்றுக்கு அந்தப் பக்கமிருக்கும் சலே, தெற்கே தெமாரா என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்த பதினேழு, இருபது வயதுப் பையன்கள், ஆயிரக்கணக்கில், கறுப்பு உடுப்பில். அல்ட்ராஸ் அஸ்கரி, பிளாக் ஆர்மி என்ற இரண்டு ரசிகர் குழுக்கள் வைத்ததுதான் அந்தப் பக்கத்தில் சட்டம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே முரசு ஆரம்பித்துவிட்டது. மெகாஃபோன் பிடித்த ஒருவன் கம்பியில் ஏறி நின்றுகொண்டு, புல்தரைக்கு முதுகைக் காட்டியபடி ஆட்டம் முழுக்கக் கூட்டத்தை மட்டுமே பார்த்துக் கத்துகிறான், கோல் விழுந்ததையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னரின் ராணுவப் பெயரில் இருக்கும் அணி, அதற்குக் கொடி ஆட்டுகிற ஒருவன் கையில் சே குவேரா முகம் போட்ட துணி! பக்கத்துப் பையன் உடைந்த பிரெஞ்சில் எனக்குப் பாட்டின் பொருளைச் சொல்லிக்கொண்டே வந்தான். வேலை இல்லை, போலீஸ் அடிக்கிறது, கடல் தாண்டிப் போய்விடலாமா என்றுதான் பாதிப் பாட்டும். நிர்வாகத்தில் ஜெனரல்கள், கேலரியில் இவர்கள், நடுவில் கவசம் போட்ட காவலர் வரிசை. இந்த மூன்றும் ஒரே கிளப்பின் கூரைக்குக் கீழே இருப்பதைப் பார்க்கத்தான் நான் 40 திர்ஹம் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம்? 2-0, ஃபார் ஜெயித்தது. எதிரணி பெயரைச் சொல்லி அவர்களை அவமானப்படுத்த விரும்பவில்லை, இரண்டாவது பாதியில் அவர்கள் பந்தைத் தொட்டதே த்ரோ எடுக்கத்தான்.

ரொம்பவும் உருகிவிடவும் வேண்டாம். இதே கூட்டம் 2013 ஏப்ரலில் ராஜாவுடனான மேட்ச்சுக்குக் காசாபிளாங்கா போனபோது நகரத்தின் கடைகளையும் வண்டிகளையும் நொறுக்கியது, 'கறுப்பு வியாழன்' என்று இன்றும் சொல்கிறார்கள். 2022 மார்ச்சில் ஃபெஸ் அணியிடம் கோப்பை ஆட்டத்தில் தோற்றதும் பழைய மைதானத்துக்குள்ளேயே பெரும் கலவரம், 160 பேர் கைது. அதனால் சில்லறைக்காக எரிந்த வயிறு கொஞ்சம் அடங்கியது, முழுசாக இல்லை.

இப்போது சாப்பாடு. ரபாத்தின் பழைய நகரமான மெதினாவுக்குள், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பொரிகடை. மத்தி மீனைப் பிளந்து முள்ளை உருவி, கொத்தமல்லி, பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் சேர்த்து அரைத்த சர்மூலாவை ஒரு துண்டில் தடவி, இன்னொரு துண்டை மேலே வைத்து மூடி, மாவில் புரட்டி எண்ணெயில் போடுகிறார்கள். ஐந்து ஜோடி, வட்ட ரொட்டி, தக்காளிச் சட்னி மாதிரி ஒன்று, எல்லாம் சேர்த்து 25 திர்ஹம். இரண்டாவது தட்டும் வாங்கினேன். பட்ஜெட் நோட்டில் அதை 'போக்குவரத்து' என்று எழுதி வைத்தேன். டப்பா மத்தி ஏற்றுமதியில் உலகத்திலேயே முதல் நாடு இதுதான், நல்லதை டப்பாவில் அடைக்காமல் இங்கேயே வைத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றியது.

கடைக்காரர் என் கழுத்தில் மஃப்ளரைப் பார்த்ததும் எண்ணெய்ச் சட்டியை மகனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். 1985-இல் ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பையை ஜெயித்த முதல் மொராக்கோ அணி ஃபார்தான், ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் பிலிமா அணியை ரபாத்தில் 5-2 என்று நொறுக்கினார்கள், அதை அவர் அப்பாவுடன் உட்கார்ந்து பார்த்தாராம். அந்த அணியின் பிரேசில் பயிற்சியாளர் ஜோசே ஃபாரியா மறு வருஷம் தேசிய அணியோடு மெக்சிகோ உலகக்கோப்பைக்குப் போய், இங்கிலாந்து இருந்த குரூப்பில் முதலிடம் பிடித்தார். போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு கோல் போட்ட கைரி ஃபார் ஆள், 1985-இன் ஆப்பிரிக்கச் சிறந்த வீரர் திமூமியும் ஃபார் ஆள். கைரியின் கோல்களை மேஜையில் உப்புக் குப்பியை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். 2008-க்குப் பிறகு 2023-இல்தான் லீக் வந்தது, அடுத்த ஆண்டு ராஜாவிடம் ஒரே ஒரு புள்ளியில் போனது என்று சொல்லும்போது குப்பியைக் கவிழ்த்துவிட்டார். அவர் மகன் சட்டிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "எங்கள் பெண்கள் அணி ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பையை இரண்டு தடவை ஜெயித்துவிட்டது, 2022, 2025. ஆண்கள் இன்னும் அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்." அப்பா பதிலே சொல்லவில்லை, எனக்கு இன்னொரு மத்தி வைத்தார்.

ஹசன் கோபுரம், உதாயா கோட்டை எல்லாம் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன, மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ரபாத்தைத் தூங்குமூஞ்சி என்ற காசாபிளாங்காக்காரருக்கு மேட்ச் வீடியோ அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. செலவைச் சொல்லிவிடுகிறேன்: மேட்ச் நாள் முழுக்க, 220 திர்ஹம் அறையையும் 60 திர்ஹம் மஃப்ளரையும் சேர்த்து, 400-ஐத் தாண்டவில்லை. மஃப்ளர் மைதான வாசலில் 100 சொல்வார்கள், பேரம் பேசுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், இணையத்திலேயே இ-விசா விண்ணப்பிக்கலாம். மேட்ச் தேதியும் நேரமும் கடைசி நேரத்தில் மாறக்கூடும், அதனால் மறுநாளே விமானம் என்று போட்டுவிடாதீர்கள், ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள், அந்த நாட்களுக்கு மத்தி இருக்கிறது.