இன்சூரன்ஸா, கைக்காசா?

"சார், இதை இன்சூரன்ஸ்ல போடலாமா, இல்ல கைக்காசுலயே பண்ணிடலாமா?"

அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் பாடி ஷாப்பில் இன்சூரன்ஸ் க்ளைம் டெஸ்க் பார்ப்பவனிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். சிலர் இடித்தவரோடு ரோட்டிலேயே பேசி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். சிலர், "வருஷா வருஷம் கட்டறோமே, எதுக்கு? க்ளைம் போடுங்க" என்று சூடாக வந்து நிற்பார்கள். இரண்டு வழியிலும் ஏமாந்து போனவர்களை இந்த மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன்.

சின்ன விபத்தைத் தனியாகப் பேசி முடிப்பதை நான் குறை சொல்வதில்லை. பல நேரம் அதுதான் இருவருக்கும் நல்லது. ஆனால் அதை ரோட்டில் வைத்து முடிக்கக் கூடாது, பட்டறையில் வைத்து முடிக்க வேண்டும். இந்த வேலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

முதலில் கணக்கு. இந்தியாவில் க்ளைம் போடாமல் ஓட்டினால் நோ க்ளைம் போனஸ் ஏறிக்கொண்டே போகும்: முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருடத்தில் 50. இந்தத் தள்ளுபடி மொத்த பிரீமியத்துக்கும் கிடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான் கிடைக்கும். அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி பகுதி அப்படியே இருக்கும். ஒரே ஒரு க்ளைம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். இரண்டாயிரம் ரூபாய்க்குப் போட்டாலும் இரண்டு லட்சத்துக்குப் போட்டாலும் இழப்பு ஒன்றுதான். சின்ன க்ளைம்தானே, கொஞ்சம்தானே குறையும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மாறும்.

எவ்வளவு இழப்பு என்று நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. 50 சதவீதத்தில் இருப்பவர் க்ளைம் போட்டால், அடுத்த ரினியூவலில் முழு ஓன் டேமேஜ் பிரீமியத்தையும் கட்ட வேண்டும். அதை 100 என்று வைத்துக்கொண்டால், பிறகு வரும் வருடங்களில் 80, 75, 65, 55 என்று இறங்கி மறுபடி 50-க்கு வருவார். ஒவ்வொரு வருடமும் கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5, ஆக மொத்தம் 125. அதாவது தள்ளுபடி இல்லாத ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. அந்தப் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால் இழப்பு 15,000. வண்டிக்கு இன்சூரன்ஸில் போடும் மதிப்பு (ஐ.டி.வி.) வருடா வருடம் இறங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான். புது வண்டி, முதல் வருடம், போனஸே சேரவில்லை என்றால் இதே கூட்டல் 50-இல், அதாவது பாதிப் பிரீமியத்தில், நின்றுவிடும். ஆகவே ஒரே டென்ட்டுக்கு ஒருவரிடம் "போடுங்க" என்றும் இன்னொருவரிடம் "வேண்டாம்" என்றும் சொல்வேன். பாலிசியில் க்ளைம் போட்டாலும் போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் (ஆட்-ஆன்) இருக்கிறதா என்று பார்க்காமல் எதுவும் சொல்வதில்லை.

இதற்கு மேல் கைக்காசு வேறு இருக்கிறது. 1500 சி.சி. வரையுள்ள கார் என்றால் கட்டாயமாக 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 நாமே போட வேண்டும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்) இல்லாத பாலிசி என்றால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். சின்ன விபத்தில் அடிபடுவது பெரும்பாலும் பம்பர், கிரில், ஃபெண்டர் லைனர், மட்கார்டு கிளிப். எல்லாமே பிளாஸ்டிக்.

என்னை உறுத்துகிற இன்னொரு விஷயம், தவறே செய்யாதவரும் போனஸை இழப்பது. சிக்னலில் நின்றுகொண்டிருந்த காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிடுகிறார். இடித்தவரின் தேர்டு பார்ட்டி பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கும் இடம் உண்டு; காரின் பேக்கேஜ் பாலிசியில் (ஓன் டேமேஜும் தேர்டு பார்ட்டியும் சேர்ந்தது) பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் அதை வாங்க மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு பம்பருக்காக யார் வக்கீல் வைத்து நடப்பார்கள்? அதனால் நின்றிருந்தவர் தன் ஓன் டேமேஜிலேயே போட்டுக்கொள்கிறார். போனஸ் அவருடையது போகிறது. இடித்தவர் "ஸாரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். இந்த ஊர்ச் சட்டம் இப்படி இருக்கும்வரை, இடித்தவர் கையிலிருந்து பணம் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. கேட்பவர் பேராசைக்காரரும் இல்லை. நேர்மையான கேள்வி, எவ்வளவு கேட்பது என்பதுதான். அதற்கு ரோட்டில் பதில் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்கு ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஓர் அம்மா, பின் பம்பரில் ஒரு கீறலோடு காரைக் கொண்டு வந்தார். பைக்கிலோ காரிலோ தினமும் படுகிற கீறல்போலத்தான் தெரிந்தது. இடித்த பையன் கை நடுங்க நின்றானாம். பாவம் என்று அவன் கொடுத்த சிறு தொகையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். "பெயின்ட் மட்டும் அடிச்சுக் கொடுத்துடுங்கப்பா" என்றார். எங்கள் மூத்த டிங்கர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. டிக்கிக் கதவின் ஓரமாக விரலை ஓட்டினார். இடது பக்க இடைவெளியில் சுண்டு விரல் நுனி நுழைந்தது. வலது பக்கத்தில் நகம்கூட நுழையவில்லை. "கழட்டிப் பார்த்துடலாம் சார்" என்றார்.

பம்பரைக் கழற்றினோம். இப்போதைய பிளாஸ்டிக் பம்பர் அடி வாங்கினால் உள்ளே போய் மறுபடி தன் வடிவத்துக்கே வந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பவை அப்படி வராது. அதிர்வை வாங்கும் ஃபோம் இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்குள் இருக்கும் இரும்பு பீம் நடுவில் வளைந்திருந்தது. டிக்கியின் தரைத் தகடு ஓரத்தில் மடிந்து, சீலன்ட் விரிசல் விட்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் மழைத்தண்ணீர் ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் இறங்கி, கீழே துரு பிடித்திருக்கும். பெயின்ட் வேலை என்று வந்தது டிங்கர் வேலையாகி, பாகம் மாற்றும் வேலையாகிவிட்டது. அந்த அம்மாவிடம் பையனின் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. "நல்ல பையன்தான்பா" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் அவருடைய பாலிசியிலேயே க்ளைம் போட்டோம். பையன் கொடுத்த பணத்தையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் அதைக் கழித்துக்கொண்டு மீதிக்கு அப்ரூவல் கொடுத்தார். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் காசு வாங்குவது தவறு. அதை ஒளித்து வைத்துப் பிறகு தெரியவந்தால் மொத்த க்ளைமும் ஆட்டம் கண்டுவிடும்.

முன்பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பம்பருக்குப் பின்னாலேயே ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் நிற்கின்றன. பொடி ஓட்டை விழுந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஏ.சி. குளிராது. ஹெட்லைட் கண்ணாடி முழுசாக இருக்கும்; அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்திருக்கும். எல்.இ.டி. லைட் என்றால் அந்தக் காதுக்காக முழு யூனிட்டையும் மாற்றச் சொல்லும் நிலைமையும் வரும். ரோட்டோரம் குனிந்து பார்த்து, "ஒண்ணும் இல்ல, கீறல்தான்" என்று யார் சொன்னாலும், அது ஊகம்தான். மெக்கானிக்கே சொன்னாலும் ஊகம்தான்.

அதனால் என்னிடம் போனில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அவர் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். அவர் நம்பருக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்து, மணி அடிக்கிறதா பாருங்கள். காசு பேசாதீர்கள். "கழட்டிப் பார்த்துட்டு எஸ்டிமேட் அனுப்பறேன், அதைப் பார்த்துட்டு பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள். எஸ்டிமேட் வந்த பிறகு இடித்தவர் பணத்தை உங்கள் கையில் தராமல் வொர்க்‌ஷாப்புக்கே நேராகக் கட்டட்டும். பில் அவருக்கும் ஒரு நகல். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, இடம், இரண்டு வண்டி எண், தொகை, இந்தச் சேதத்துக்காக இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை என்ற வரி, இருவர் கையெழுத்து. இந்தத் தாள் இடித்தவருக்குத்தான் அதிகம் தேவை. கொடுத்துவிட்டுப் போன பிறகு மறுபடி மறுபடி போன் வந்து அலைக்கழிந்தவர்கள் இருக்கிறார்கள்.

"நாளைக்கு அவன் போனை எடுக்கலேன்னா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான பயம். அதற்குத்தான் அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிடச் சொல்கிறேன். பேசி முடிந்துவிட்டால் க்ளைமை வாபஸ் வாங்கலாம். பணம் ஏதும் பெறாமல் மூடியதாக எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். தகவலே கொடுக்காமல் வாரக்கணக்கில் பேரம் பேசிவிட்டு, அது முறிந்த பிறகு இங்கே வருபவர்கள் கஷ்டப்படுகிறார்கள். சர்வேயர் வந்ததும் உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். விரிசலுக்குள் மண் படிந்திருக்கும், தகடு பழுப்பேறியிருக்கும். "எப்ப அடிபட்டது?" என்ற கேள்வி அங்கே ஆரம்பிக்கும். தாமதம் ஒன்றை மட்டுமே காரணம் காட்டி நியாயமான க்ளைமைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011-இலேயே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நிற்க வேண்டியவர் வண்டிக்காரர்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் சொல்லித்தான் அங்குள்ள நடைமுறையைக் கவனித்தேன். அங்கே எவ்வளவு சின்ன உரசலானாலும், தனியாகப் பேசி முடித்தாலும்கூட, 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ரிப்போர்ட் செய்தாக வேண்டும். தனியாக முடித்ததையும் எழுத்தில் பதிந்துகொள்ளலாம். எனக்கு அது மிகவும் பிடித்த முறை.

ஆளுக்கு அடி என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பைக்கில் வந்தவர் எழுந்து நின்று, "பரவாயில்ல சார், ஒண்ணும் ஆகல" என்று சொல்லலாம். அதிர்ச்சியில் வலி தெரியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு அவரை மருத்துவ உதவிக்குக் கொண்டுபோவதையும், காவல் துறைக்கும் இன்சூரன்ஸுக்கும் தெரிவிப்பதையும் ஓட்டியவரின் கடமையாக வைத்திருக்கிறது. அங்கே ஐந்நூறோ ஆயிரமோ கையில் திணித்துவிட்டுக் கிளம்புவதால் அந்தக் கடமை தீராது. பிறகு அவர் இழப்பீடு கேட்டுப் போவதையும் அந்தப் பணம் தடுக்காது. கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதோ கூடாது என்று பாலிசியிலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. காயத்துக்கும் உயிருக்கும் ஈடு தரத்தான் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸே கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதை அங்கே பயன்படுத்தாமல் வேறெங்கே பயன்படுத்துவது?

என் வேலையில் மனசுக்கு மிகவும் கஷ்டமான கைக்காசு, சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர்களுடையது. முதலாளி வண்டியைக் கேட்டில் உரசிவிடுகிறார்கள். முதலாளி போனில், "இன்சூரன்ஸ் வேண்டாம், போனஸ் போயிடும். அவன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்பார். எஸ்டிமேட் தாளைக் கையில் வாங்கிய டிரைவர் அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். அனுமதியோடு ஓட்டிய, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள டிரைவர் கையில் நடந்த சேதத்தையும் அதே பாலிசி ஏற்கும். அதற்கும் சேர்த்துத்தான் முதலாளி பிரீமியம் கட்டியிருக்கிறார். தன் போனஸைக் காப்பாற்ற இன்னொருவர் மாதச் சம்பளத்தை எடுப்பது எப்படி நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு டிரைவர், முதலாளி போனை வைத்ததும், என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணே, புது பம்பர் வேண்டாம். இதையே ஒட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். முடிந்தது. கிழிந்த இடம் ஓரத்தில்தான் இருந்தது. பிளாஸ்டிக் வெல்டிங் போட்டால் பிடித்துக்கொள்ளும், உள்ளே பீம் நேராக இருந்தது. அன்றிலிருந்து டிரைவர் கொண்டு வரும் வண்டிக்கு இரண்டு எஸ்டிமேட் எழுதுகிறேன், பாகம் மாற்றினால் ஒன்று, ரிப்பேர் செய்தால் ஒன்று. மூன்றாவதாக, க்ளைம் போட்டால் முதலாளிக்குப் போனஸில் எவ்வளவு போகும் என்ற அந்தக் கூட்டலையும் எழுதி, முதலாளிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். மூன்றையும் பார்த்துவிட்டு, "சரி, க்ளைமே போட்டுடுங்க" என்று சொன்ன முதலாளிகள் உண்டு. பாதியை நான் போட்டுக்கொள்கிறேன் என்றவர்களும் உண்டு. பதிலே போடாதவர்களின் வண்டிக்கு ரிப்பேர் எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்கிறேன்.