தத்தெடுப்பு ஃபைல்: ஒரு ஸ்டேப்ளர் பின், ஒரு காலிக் கட்டம்

போன மாதம் ஒரு ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நாங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிற ஃபைலில், வருமானம் பற்றி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்று, அதன் பின்னால் கோத்திருந்த அப்போஸ்டில் தாள் ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வைத்து ஸ்கேன் எடுத்தால் எழுத்து பளிச்சென்று வருமே என்று நினைத்தேன். பளிச்சென்றுதான் வந்தது. பிறகு பழைய ஓட்டையிலேயே பார்த்துப் பார்த்துப் பின்னைக் குத்தி அனுப்பிவைத்தேன். ஏஜென்சிக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன கண். பிரித்துக் கோத்த தாள் செல்லாது, முதலிலிருந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முதலிலிருந்து என்றால் புதுப் பத்திரம், நோட்டரி, அந்த நோட்டரியின் கையெழுத்து உண்மைதான் என்று மேலே ஒரு முத்திரை, அப்புறம் மறுபடி அப்போஸ்டில். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த பின் பிடுங்கியை மட்டும் எங்கோ ஒளித்து வைத்துவிட்டார்.

அப்போஸ்டில் என்றால் என்ன என்று ஒரு வருடத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் மருந்தின் பெயர் என்று சொல்லியிருப்பேன். அது 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் ஒப்பந்தம் கொடுத்த சான்று. அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்குள் ஒரு காகிதத்தை நம்பவைக்கத் தூதரகம் வரை அலைய வேண்டாம், இந்த ஒரு சதுரம் போதும். பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர், உள்ளே எண் போட்ட 10 வரிகள், எந்த நாட்டில் வாங்கினாலும் தலைப்பு மட்டும் பிரெஞ்சில். ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டுக்குப் போகிற ஃபைல் என்றால் பழையபடி தூதரகப் படிதான். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, அப்போஸ்டில் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையே படாது. கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை, போட்டவருக்கு அந்தப் பதவி இருந்தது, அவ்வளவைத்தான் சொல்கிறது. எங்கள் வீட்டில் 3 யானைகள் இருக்கின்றன என்று நான் சத்தியம் செய்து எழுதியிருந்தாலும் அதே சதுரம் அதே அழகோடு ஒட்டியிருக்கும்.

நிஜமான தலைவலி காகிதங்களுக்கு வயது ஆவதுதான். பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் பெரும்பாலும் கிழடாவதில்லை. போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, சம்பளக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வாங்கிய நாளிலிருந்தே அழுக ஆரம்பித்துவிடும். நாங்கள் ஆர்வக்கோளாறில் மருத்துவப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டோம், மற்றதெல்லாம் சேருவதற்குள் அது காலாவதி. மறுபடி ரத்தம், மறுபடி எக்ஸ்ரே. இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: தாமதமாக வருகிறதை முதலில் கேளுங்கள், சீக்கிரம் கெடுகிறதைக் கடைசியில் வாங்குங்கள். அதற்கும் முன்னால் எல்லாக் காகிதத்திலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். என் பாஸ்போர்ட்டில் இருக்கிற ஒரு எழுத்து பிறப்புச் சான்றில் இல்லை, அந்த இருவரும் நான் ஒருத்திதான் என்று சொல்ல இன்னொரு பத்திரம், அதற்கு இன்னொரு சதுரம்.

ஹோம் ஸ்டடி, அதாவது சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து எங்களைப் பற்றி விசாரித்து அறிக்கை எழுதுவது, அதைப் பற்றித்தான் நிறையப் பயந்தேன், அலமாரிக்குப் பின்னால்கூடத் துடைத்து வைத்தேன். வந்த சமூகப் பணியாளர் அலமாரிப் பக்கமே போகவில்லை. சின்ன வயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள், சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது, ஏன் தத்தெடுக்க நினைக்கிறீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் எட்டு வயதுப் பையனிடம் தனியாகப் பேசினார். "அப்பாவுக்குக் கோபம் வந்தா பால்கனிக்குப் போய்ச் செடிகிட்ட பேசுவார்" என்று அவன் சொன்னது அறிக்கையில் வரி மாறாமல் வந்திருக்கிறது, அதுவும் மொழிபெயர்க்கப்பட்டு, முத்திரையோடு, இன்னொரு நாட்டுக்குப் போகப்போகிறது.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எங்களைப் பற்றிய அறிக்கை 15ஆம் பிரிவு. அடுத்த பிரிவு குழந்தையைப் பற்றிய அறிக்கை. நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிற இதே நேரத்தில் எங்கோ ஒரு குழந்தைக்கும் ஒரு ஃபைல் தடித்துக்கொண்டிருக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அந்த நாட்டிலேயே வளர வழியிருக்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகுதான் வாங்கியிருக்க வேண்டும், காசு கொடுத்து வாங்கியிருக்கக் கூடாது. அதைப் படித்த பிறகு ஸ்டேப்ளர் பின்னுக்காக அழுததை நினைத்து எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. 2024 செப்டம்பரில் சீனா, உறவினர் தத்தெடுப்பு போன்ற சிலவற்றைத் தவிர, குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே நிறுத்திக்கொண்டது. எந்தக் குழந்தை என்று முடிவாகி, போட்டோவை வீட்டில் மாட்டிக் காத்திருந்தவர்களும் அப்படியே நின்றுபோனார்கள்.

இவ்வளவையும் தாண்டி, எங்களை நிஜமாக நிறுத்திவைத்தது ஒரே ஒரு தாள். அதில் முத்திரைகூட வேண்டாம். எப்படிப்பட்ட குழந்தையை உங்களால் வளர்க்க முடியும் என்று கேட்கிற படிவம். பிளவுபட்ட உதடு, இதயத்தில் ஓட்டை, காது கேளாமை, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, ஒரு கை வளராதது, குறைமாதம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: முடியும், யோசிக்கலாம், முடியாது. வயிற்றில் பிறக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு தாளை யாரும் நீட்டுவதில்லை.

இருவரும் தனித்தனியாகப் பென்சிலில் நிரப்பி அப்புறம் ஒப்பிட்டோம். எச்ஐவிக்கு இருவருமே முடியாது என்று போட்டிருந்தோம். மருத்துவர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினோம், மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளைப் போல வளரும், பெரியவனாகி வயதாகும் வரை வாழும் என்றார். வீட்டுக்கு வந்து இருவரும் அழித்தோம். காது கேளாமையில் நான் முடியும், அவர் யோசிக்கலாம். அதுவும் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தது. ஒவ்வொரு முறை "முடியாது" கட்டத்தில் பென்சில் போகும்போதும் முகம் தெரியாத யாரோ ஒருவர் முன்னால் கதவைச் சாத்துவது போலத்தான் இருந்தது, ஆனால் பெருந்தன்மைக்காக "முடியும்" என்று போட்டுவிட்டு நாளைக்குத் திணறினால் அடிபடப்போவது நாங்கள் இல்லையே.

ஒரு வரி மட்டும் நிற்கிறது. கர்ப்ப காலத்தில் தாய் மது அருந்தியிருத்தல். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் வெளியே தெரியும், சிலருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமலும் போகலாம். என் கணவர் யோசிக்கலாம் என்கிறார். எனக்கு அந்த வார்த்தையே தப்பிப்பது போல இருக்கிறது, ஆனால் முடியும் என்று எழுதவும் கை வரவில்லை. காலியாக விட்டு அனுப்பினோம், காலிக் கட்டம் ஏற்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போலீஸ் சான்றுக்கு இன்னும் ஏழு வாரம் ஆயுள் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் பென்சிலைச் சீவி அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.