கூடலூரிலிருந்து மூன்று திசைகளுக்குப் போகும் நோயாளிப் பதிவுகள்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டத்தில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் அவரை எந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடுவட்டம் வழியாக மலையேறி உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்கு அனுப்பப்படலாம். பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்தவர்களானால் மாநில எல்லையைக் கடந்து சுல்தான் பத்தேரிக்கோ மானந்தவாடிக்கோ, நிலைமை மோசமானால் கோழிக்கோட்டுக்கோ போவதுதான் அவர்களுக்குக் கைக்கெட்டும் வழி. இந்த ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் கணினிகள் இருக்கின்றன. ஆனாலும் ஓரிடத்தில் பதிவானது இன்னோரிடத்துக்கு இன்றும் பெரும்பாலும் துணிப்பைக்குள் வைத்த காகிதமாகத்தான் போய்ச் சேருகிறது. இங்கே ஒரு சிறிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்வதால், இந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது பற்றி எனக்கு உறுதியாகத் தோன்றும் ஒன்றை எழுத விரும்புகிறேன். தகவல் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அனுப்பியவர் எந்தப் பொருளில் எழுதினாரோ அதே பொருளில், சரியான ஆளின் பெயரில் அது போய்ச் சேர வேண்டும்.

இணைப்புக்கான தொழில்நுட்பம் புதியதல்ல. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான விதிகளை வகுக்கும் எச்எல்7 அமைப்பு 1987இல் தொடங்கியது. அதன் பழைய வடிவத்தில் ஒரு ஆய்வக முடிவு செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒற்றை வரியாகச் செல்லும்; இப்போது பரவிவரும் ஃபயர் (FHIR) என்ற வடிவத்தில் இணையதளங்கள் பேசிக்கொள்ளும் முறையிலேயே அது செல்லும். இந்தியாவில் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற மருத்துவப் பதிவு இணைப்புத் திட்டம் இந்த ஃபயரைத்தான் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. அதில் பதிவுகள் ஒரு மையக் கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. உருவான மருத்துவமனையிலேயே இருக்கும், நோயாளி ஒப்புதல் தரும்போது மட்டும் கேட்ட இடத்துக்குச் செல்லும். இது நல்ல வடிவமைப்பு என்பது என் கருத்து.

ஆனால் பொருள் மாறாமல் செல்வது என்றால் என்ன என்பதை இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு (சிக்கிள் செல்) இரத்தசோகையை வைத்துத்தான் எங்கள் பகுதியில் விளக்க முடியும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்நோய்க்கான மரபணு இருப்பதை லேமான், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே கண்டு எழுதினார்கள். பணியர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் குடும்பங்களோடு வேலை செய்யும் எவருக்கும் இது அன்றாடச் செய்தி. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர் கேரியர். அவர் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்வார். இருவரிடமிருந்தும் பெற்றவர் நோயாளி. எலும்பையே முறிப்பது போன்ற வலி, திரும்பத் திரும்ப வரும் இரத்தக் குறைவு, தொற்று என்று வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவைப்படுபவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய் வகைப்பாட்டில் கேரியருக்கு டி57.3 என்றும், வலி நெருக்கடி இல்லாத நிலையில் உள்ள நோயாளிக்கு டி57.1 என்றும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. இருந்தும் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது கொடுக்கும் ரெஃபரல் சீட்டுகளில் நான் பார்ப்பது "சிக்கிள் பாசிட்டிவ்" என்ற ஒரே வரிதான் அடிக்கடி.

அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கிராமங்களில் முதலில் செய்யப்படும் கரைதிறன் சோதனை, இரத்தத்தில் அந்த மாறுபட்ட ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும் காட்டும். கேரியரா நோயாளியா என்று பிரித்துச் சொல்லாது. ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே காட்டும் எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனைதான் அதைப் பிரித்துச் சொல்லும். பச்சிளங்குழந்தைக்குக் கரைதிறன் சோதனை செய்தால், உண்மையில் நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவருக்கோ, கொடுத்தவரின் இரத்தமும் கலந்திருப்பதால் எச்பிஎல்சி முடிவே தடம் மாறிவிடும். ஆகவே ஒரு முடிவோடு எந்தச் சோதனை, எந்த நாள், கடைசியாக எப்போது இரத்தம் ஏற்றினார்கள், முடிவு தற்காலிகமானதா இறுதியானதா என்பவையும் சேர்ந்து செல்லாவிட்டால், மறுபக்கத்தில் இருக்கும் மருத்துவர் அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. ஃபயர் வடிவத்தில் இவற்றில் சோதனை முறைக்கும் நாளுக்கும் முடிவின் நிலைக்கும் அந்த முடிவோடேயே இடம் இருக்கிறது. இரத்தம் ஏற்றியதைத் தனிப் பதிவாகச் சேர்த்து அனுப்பலாம். அந்த இடங்களை நிரப்பாமலேயே "இணைப்பு முடிந்தது" என்று அறிவிக்க முடிகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

எண்களும் இதே சிக்கலுக்குத் தப்பவில்லை. நம் ஆய்வகங்களில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையை லட்சத்தில் எழுதும் வழக்கம் உண்டு, 1.8 என்றால் 1,80,000 என்று இங்குள்ள செவிலியர் அனைவருக்கும் தெரியும். பல தானியங்கிக் கருவிகள் அதையே ஆயிரத்தில் 180 என்று அச்சிடுகின்றன. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறிய காலத்தில் "நாலு படி நெல்" என்று மட்டும் எழுதி அனுப்பியதைப் போல, அலகு இல்லாமல் 1.8 என்ற எண் மட்டும் இன்னொரு கணினிக்குப் போனால், அது அதை 1,800 என்று எடுத்துக்கொண்டு அபாய எச்சரிக்கை எழுப்பும். அரிவாள் அணு நோயாளிகளுக்குத் தரப்படும் ஹைட்ராக்சியூரியா மருந்து இரத்த அணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதால், இதுபோன்ற அணு எண்ணிக்கைகளைப் பார்த்துத்தான் அதன் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது. சோதனைகளுக்கு லாயின்க் (LOINC) என்ற பொதுக் குறியீடுகளும் அலகுகளுக்கு யுசியுஎம் (UCUM) என்ற பொதுக் குறியீடுகளும் இருப்பது இதற்காகத்தான்.

இனி, அந்தப் பதிவு யாருடையது என்ற கேள்வி. பழங்குடிக் குடியிருப்புகளில் மாரி என்றும் மாதன் என்றும் பலர் இருப்பார்கள். தமிழ்நாட்டு மருத்துவமனையில் தந்தை பெயரின் முதலெழுத்து இனிஷியலாகும். கேரளத்தில் வீட்டுப் பெயரின் எழுத்து அந்த இடத்தில் வந்து உட்காரும். சாந்தி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எச் எழுத்து ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் முகவரியும் உதவாது, ஒரே கைபேசி எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் கொடுத்திருப்பார்கள். டிஜிட்டல் மிஷன் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க ஆபா என்ற சுகாதார அடையாள எண் இதற்கு உண்மையான தீர்வாக இருக்க முடியும் என்று நம்புகிறேன். அது கட்டாயமல்ல என்பதும் சரியே. ஆனால் அந்த எண் இல்லாதவர்களைப் பெயரையும் வயதையும் வைத்து மென்பொருள் தானாகவே இணைத்துவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒருவரின் பதிவு இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்தால் சோதனையை மீண்டும் செய்ய நேரும், அவ்வளவே. இரண்டு மாரிகளின் பதிவு ஒன்றாகிவிட்டால், ஒருத்தியின் இரத்த வகை இன்னொருத்தியின் பெயரில் நிற்கும்.

ஒப்புதலும் காகிதத்தில் தெரிவதைவிடச் சிக்கலானது. டிஜிட்டல் மிஷனின் விதிப்படி, எந்த நோக்கத்துக்காக, எந்தக் காலத்துப் பதிவுகளை, எதுவரை பார்க்கலாம் என்பதை நோயாளி குறித்துக் கொடுக்கலாம்; பின்னர் திரும்பப் பெறவும் செய்யலாம். நடைமுறையில் ஓடிபி வரும் கைபேசி மகனிடம் இருக்கும், அவன் எஸ்டேட்டில் சிக்னல் இல்லாத மூலையில் வேலை செய்துகொண்டிருப்பான். அதைவிடவும் என்னை உறுத்துவது இன்னொன்று. ஒரு பெண் கேரியர் என்ற செய்தி ஊருக்குள் கசிந்தால் அவளுடைய கல்யாணப் பேச்சே நின்றுபோகலாம். தம்பதியர் இருவரும் கேரியர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்ற விளக்கம் அந்தக் கசிவோடு சேர்ந்து போவதில்லை. எனவே யார் யார் இந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற வரலாறு கணினியில் இருப்பதோடு, நோயாளி கேட்டால் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்படவும் வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தேவாலாவில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் இணையமும் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. எப்போதும் இணைப்பு உண்டு என்று எண்ணி எழுதப்பட்ட மென்பொருள் இங்கே உதவாது. பதிவை உள்ளூரில் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும், பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வரும்வரை மீண்டும் அனுப்ப வேண்டும். அப்படி மறுபடி அனுப்பும்போது ஒரே முடிவு இரண்டு முடிவுகளாகப் பதிவாகாமல் இருக்க ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் வேண்டும்.

2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. அதனால் புதிய சோதனை முடிவுகள் கணினிக்குள் வந்தபடி இருக்கும். ஆனால் இந்த மலையில் இந்நோய்க்காகப் பல்லாண்டுகளாக நடந்த வேலையின் பெரும்பகுதி கிராம சுகாதாரப் பணியாளர்களின் கையெழுத்து நோட்டுகளில்தான் இருக்கிறது. எந்தக் குடும்பத்தில் யாருக்கு எந்த ஆண்டு எந்தச் சோதனை நடந்தது என்பது அவற்றில் உண்டு. அந்த நோட்டுகளை ஸ்கேன் செய்து கோப்பாக ஏற்றுவது எளிது, டிஜிட்டல் மிஷனும் அதை அனுமதிக்கிறது. நடு இரவில் ஒரு மருத்துவருக்கு அந்தப் படமும் ஒன்றுமில்லாததைவிட மேல். ஆனால் படத்தில் உள்ள "பாசிட்டிவ்" கேரியரைக் குறிக்கிறதா நோயாளியைக் குறிக்கிறதா என்று கணினியால் சொல்ல முடியாது. அந்த நோட்டை எழுதியவரால் மட்டுமே சொல்ல முடியும். அந்தப் பணியாளர்களில் பலர் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். இணைப்புக்கான நிதியில் மென்பொருளுக்கும் சர்வருக்கும் ஒதுக்குவதைப் போலவே, அவர்களைக் கூலி கொடுத்து உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் சோதனை முறை, நாள், குறியீட்டோடு பதிவு செய்வதற்கும் தனியே ஒதுக்க வேண்டும் என்பதே மாவட்ட அதிகாரிகளிடமும், எங்களைப் போன்ற மருத்துவமனைகளை நடத்துபவர்களிடமும் நான் வைக்கும் கோரிக்கை.