பக்கத்து வீட்டில் கடன் வாங்காத கணக்கு

நூறிலிருந்து அறுபத்து மூன்று போனால் எவ்வளவு? நான்காம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு நாளாகும். சைபரில் மூன்று போகாது, பக்கத்து வீட்டில் கடன் கேள். அங்கேயும் சைபர். அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போ, அங்கிருக்கும் ஒன்றை வாங்கிப் பத்தாக்கு, அதில் ஒன்றை இந்தப் பக்கம் தள்ளு, நடுவில் ஒன்பது. பாதி வகுப்பு இரண்டாவது வீட்டு வாசலிலேயே தொலைந்துபோகும்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு அடுத்த தெருவில் செவ்வாய்தோறும் சந்தை கூடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒரு மாணவியின் நோட்டில் 37 என்று விடை மட்டும் இருந்தது. சைபரை அடித்து ஒன்பது போட்ட அடையாளம் எதுவும் இல்லை. பார்த்து எழுதியிருக்கிறாள் என்று தீர்மானித்துத் தப்பு போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த செவ்வாய் மாலை, சந்தையில் அவள் அம்மாவின் காய்கறிக் கடையில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு 54 ரூபாய் ஆனது. நூறு ரூபாய் நீட்டினேன். ஒரு ரூபாயை என் கையில் வைத்து "அம்பத்தஞ்சு", ஐந்து ரூபாய் வைத்து "அறுவது", அப்புறம் நான்கு பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து "எழுவது, எம்பது, தொண்ணூறு, நூறு" என்றாள். கையில் சரியாக 46 ரூபாய். கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போட்டாள். எந்த வீட்டிலும் கடன் வாங்கவில்லை. கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே போனாள். மறுநாள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, சிவப்பு மையால் போட்ட தப்பின் மேலேயே சரி போட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

பின்னொரு பயிற்சி வகுப்பில், பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்றைக் கருத்தாளர் சொன்னார். 1985-இல் வெளியானது. ஐந்தே பிள்ளைகள். விற்கும் இடத்தில் கேட்டபோது 98 சதவீதம் சரியான விடைகள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அந்தச் சிவப்பு மைதான் நினைவுக்கு வந்தது.

அதிலிருந்து மேல்நோக்கி எண்ணுவதையே முதலில் சொல்லிக்கொடுக்கிறேன், கடன் வாங்குவது பிறகு. மணிக்கணக்குக்கும் இதுதான் கைகொடுத்தது. 9.50-க்குக் கிளம்பிய பஸ் 10.20-க்கு வந்து சேர்ந்தால் பயண நேரம் எவ்வளவு என்று கேட்டால், ஒன்றின் கீழ் ஒன்றை எழுதிக் கழித்து 70 நிமிடம் என்பார்கள். மணிக்கு அறுபதுதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் கை நூறைத்தான் நினைக்கும். "பத்து மணி ஆக எவ்வளவு?" என்று கேட்டால் போதும். பத்து நிமிடம், அப்புறம் இருபது, மொத்தம் அரை மணி. தாளே வேண்டாம்.

வகுப்பில் கடை வைத்து விளையாடுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. பிள்ளைகள் நிஜக் கடைக்காரர்களாகிவிடுவார்கள். "48 ரூபாய்க்கு வாங்கி ஐம்பது கொடுத்தால் மீதி?" என்று கேட்டேன். "ரெண்டு சாக்லேட், டீச்சர்." சில்லறை இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் கடைகளில் அதுதான் நடக்கும். அதற்கு மட்டும் எப்படித் தப்பு போடுவது?

இப்போது அந்தச் சாக்லேட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ஜிபேயில் 54 என்று அடித்தால் 54 போய்விடும், மீதி என்ற ஒன்றே கிடையாது. மளிகைக் கடைக்குத் தினமும் போய்வரும் பிள்ளைகளில் சிலர், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கியதே இல்லை என்கிறார்கள். பைசாவை வைத்துத் தசமம் சொல்லித்தருவது எப்போதோ நின்றுவிட்டது; நாலணாவை 2011-இலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள், இவர்கள் பிறப்பதற்கு முன்பே. அதனால் கண்டக்டர்களிடமும் கோயில் வாசல் பூக்கடையிலும் கேட்டுக் கேட்டு, ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சில்லறை சேர்த்து வைத்திருக்கிறேன். கணக்குப் பாடவேளையில் அது கைக்குக் கை மாறும். மாலையில் எண்ணினால் ஒன்றிரண்டு குறையும். அந்த நஷ்டத்தை நான் துருவுவதில்லை.

போன வாரம் டப்பாவுக்குள் எட்டணா ஒன்று அகப்பட்டது. இது செல்லுமா என்று ஒருவன் கேட்டான். சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் வாங்க மாட்டார்கள் என்றேன்.

"அப்போ செல்லாதுதானே, டீச்சர்?"