தீபாவளி கிடைத்தது, பொங்கல் கிடைக்கவில்லை

எங்கள் நாடகக் குழுவின் பழைய படங்களும் வசனப் பிரதிகளும் ஒருவருடைய பழைய மேக்புக்கில் இருந்தன. 2018இல் அது மக்கர் செய்ய ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் என் மடிக்கணினிக்கு மாற்றி, கோப்புகளைத் தேடித் தரும் ஒரு கட்டற்ற மென்பொருளை (யாரும் திருத்தி எழுதக்கூடியது) நிறுவினேன். ‘தீபாவளி’ என்று தேடினால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா ஒளியூட்டுப் படங்கள் வரிசையாக வந்தன. ‘பொங்கல்’ என்று தேடினால் ஒன்றுமே இல்லை. கோப்புறையைத் திறந்தால் அதே பெயரில் படங்கள் கண்ணெதிரே இருக்கின்றன!

மென்பொருளை உருவாக்குவோரிடம் திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷாட்) வழு அறிக்கை, அதாவது பிழையைத் தெரிவிக்கும் குறிப்பு, கொடுத்தேன். “எனக்குச் சரியாக வேலை செய்கிறது, எழுத்துருவைச் சோதிக்கவும்” என்று உடனே பதில் வந்தது. எழுத்துருவுக்கும் தேடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அடுத்தவர் ஆவணத்தைப் படிக்கச் சொன்னார். இன்னொருவர், பெயர்களை ஆங்கிலத்தில் வைத்தால் தீர்ந்தது என்றார், கூடவே ஒரு சிரிப்பு பொம்மை. கடைசியில், கேள்வி கேட்பது எப்படி என்று பாடம் நடத்தும் நீண்ட கட்டுரை ஒன்றின் சுட்டியை ஒட்டி, ‘செல்லாது’ என்று முத்திரை குத்தி மூடிவிட்டார்கள்.

இந்தக் குணம் அங்கே மட்டும் இல்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த ஆண்டு செப்டம்பரில் தன் கடுமையான பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். இப்படிப்பட்ட மென்பொருள்களைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து உட்காருகிறவர்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் எரிச்சல் வரும்தான். சரி. ஆனால் “எனக்குத் தெரியவில்லை” என்று எழுத, குத்திக்காட்டி எழுதுவதைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

வேலையிடத்தில் இந்த விஷயம் தெரிந்த அண்ணன் ஒருவர் இருந்தார். கோப்பிக்கடையில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். “தம்பி, ‘பொ’வை ரெண்டு விதமா எழுதலாம், தெரியுமா?” என்றார். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் ‘ொ’ ஒரே குறியீடாகவும் இருக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. பழைய மேக்குகள் கோப்புகளைச் சேமிக்கும் முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்து வைக்கும். என் விசைப்பலகை சேர்த்தே எழுதும். தீபாவளியில் அப்படி எழுத்தே இல்லை, தப்பித்தது.

“இதைத் தமிழில் மட்டும் காட்டினா மறுபடியும் எழுத்துருன்னுதான் சொல்வான். அவன் ஊர் எழுத்தைக் காட்டு லா” என்றார் அண்ணன். பிரெஞ்சில் ‘கஃபே’ என்று எழுதும்போது கடைசி எழுத்தின் தலையில் ஒரு கோடு வருமே, அதற்கும் இதே கதைதான்.

புதிய அறிக்கை எழுதினேன். இரண்டு வெற்றுக் கோப்புகள். இரண்டுக்கும் பெயர் ‘கஃபே’. ஒன்றில் கோடு எழுத்தோடு சேர்ந்தது, மற்றதில் தனி. அவற்றை உருவாக்கும் கட்டளைகள், மென்பொருளின் பதிப்பு எண், தேடினால் என்ன வருகிறது, என்ன வர வேண்டும். நலம் விசாரிப்பு, கெஞ்சல் எதுவும் இல்லை. பொங்கலை இரண்டாவது எடுத்துக்காட்டாக வைத்தேன். மறுநாளே ‘வழு உறுதி’ என்று குறித்தார்கள், அதே ஆட்கள். நல்ல அறிக்கை என்று பாராட்டு வேறு. எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

திருத்தம் சின்னது: ஒப்பிடும் முன் இரு பெயர்களையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்ற வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் அதற்கான வசதி கூடவே வருகிறது. நானே எழுதி அனுப்பினேன். இடைவெளி சரியில்லை, குறிப்பு வரி நீளம் என்று சில சுற்றுகள் போயின. திருத்தத்தோடு சேர்த்த சோதனையில் பிரெஞ்சு எழுத்து போதாதா, தமிழ் எதற்கு என்றார் ஒருவர். உயிர்க்குறி இரண்டாகப் பிரிவது வேறு வகை, அதையும் சோதிக்க வேண்டும் என்று விடாமல் நின்றேன். பொங்கல் உள்ளே போனது.

உங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தால், ‘கான்வ்எம்வி’ என்ற சிறு கருவி கோப்புப் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்ட மட்டும்தான் செய்யும். மாற்று என்று தனியாகச் சொன்னால்தான் மாற்றும். அப்புறம் ‘கோ’, ‘கௌ’ வரும் பெயர்களையும் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள்.