தம்பி கேட்ட தோட்டா: .308-ஆ, 6.5 கிரீட்மூரா?

"அண்ணே, லைசென்ஸ் கைக்கு வந்துருச்சு. .308 வாங்கவா, 6.5 கிரீட்மூர் வாங்கவா?"

கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டும் 1000 கஜம் தள்ளி இருக்கிற இலக்கைச் சுடப் பயன்படுத்தும் தோட்டா ரகங்கள், அந்த இரண்டில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. இங்கே .303, 7.62 மாதிரி ராணுவத் தோட்டா ரகங்கள் சாதாரண லைசென்ஸில் வராது. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்து, 50 மீட்டரில் .22 என்கிற சின்னத் தோட்டாவைச் சுடுகிறவன் நான், அதுவும் கிளப் மூலம் வரும் தோட்டாவை எண்ணி எண்ணி. ஆனால் சமைக்கத் தெரியாதவன் சமையல் புத்தகம் படிப்பது மாதிரி இந்த 1000 கஜ விஷயங்களைப் பல வருஷமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், கணக்கும் போட்டுப் பார்க்கிறேன். அது அவனுக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. பேப்பர்காரர்கள் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கிற ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறப்பது குண்டு மட்டும்.

.308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. நேட்டோ நாடுகளின் 7.62 ராணுவத் தோட்டாவுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. 6.5 கிரீட்மூர் ஹார்னடி கம்பெனி 2007-ல் கொண்டுவந்தது, இலக்குச் சுடுதலை மனதில் வைத்தே செய்தது. இரண்டிலும் மருந்து கிட்டத்தட்ட ஒரே அளவுதான் போகும். வித்தியாசம் குண்டில். .308-ல் போட்டிக்கு வழக்கமாகப் போடும் 175 கிரெயின் (சுமார் 11 கிராம்) குண்டு கொஞ்சம் தடி, 6.5-ன் 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) குண்டு எடை குறைவு, ஆனால் ஒல்லியாக நீளமாக இருக்கும். கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் காற்றில் எறிந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், எது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் எடுப்பது குண்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை. 100 கஜத்துக்குச் சரி செய்த துப்பாக்கியில் 1000 கஜம் போவதற்குள் .308 சுமார் 33 அடி இறங்கும், 6.5 சுமார் 27 அடி. கேட்கப் பயங்கரமாக இருக்கும், மூன்று மாடி உயரம். ஆனால் என்னைக் கேட்டால் போட்டியில் இந்த ஆறடி வித்தியாசம் ஒன்றுமே இல்லை. தூரம் தெரியும், புவியீர்ப்பு நேற்று ஒன்று இன்று ஒன்று என்று மாறாது, ஸ்கோப்பில் இத்தனை கிளிக் என்று திருப்பினால் முடிந்தது. உயரத்தில் தொல்லை கொடுப்பது தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுவதுதான். நொடிக்கு 20 அடி வித்தியாசம் வந்தாலே 1000 கஜத்தில் அரை அடிக்கு மேல் ஏற இறங்கப் போய்விடும். அதனால்தான் அங்கே நிறையப் பேர் மருந்தைத் தராசில் நிறுத்துத் தோட்டாவைத் தாங்களே தயார் செய்கிறார்கள்.

காற்றுதான் விஷயம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால் 1000 கஜத்தில் .308 குண்டு ஏறக்குறைய எட்டடி தள்ளிப்போகும், 6.5 ஆறடிக்குள் நிற்கும். இதுவும் திருப்பிச் சரிசெய்யக்கூடியதுதானே என்று கேட்கலாம். சரி, காற்று 16 என்று யார் சொன்னது? நீங்கள் 13 என்று நினைத்துச் சுட்டிருந்தால்? .308 சுமார் ஒன்றரை அடி விலகும், 6.5 ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் தூரத்தில் ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) வட்டம் என்பது விட்டத்தில் பத்தரை அங்குலம்தான், ஆக இரண்டுமே வெளியே. நல்ல தோட்டா உங்கள் தப்பைச் சின்னதாக்கும், இல்லாமல் ஆக்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, 40 கிரெயின் .22 குண்டு நன்றாகவே பறக்கும். ஒரு ஆடி மாதம், கிளப்புக்குள்ளேயே நடந்த போட்டி. வடக்கே பார்த்த ரேஞ்ச், மேற்கிலிருந்து காற்று. இலக்குக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ரிப்பன் தொங்கிப்போய்க் கிடந்ததால் நிம்மதியாக ஐந்து தோட்டாவைத் தள்ளினேன். ஐந்தும் வலது பக்கம், அதுவும் நேர் வலதில்லை, கடிகாரத்தில் நாலு மணிப் பக்கமாகச் சரிந்து, ஒன்பது, எட்டு மதிப்பெண் வட்டங்களில் உட்கார்ந்திருந்தன. குண்டைச் சுழற்றிவிடும் குழலின் முறுக்கு வலப்பக்கம் என்பதால் இடமிருந்து அடிக்கிற காற்று குண்டை வலதே தள்ளிக் கொஞ்சம் கீழேயும் இறக்கிவிடும். துப்பாக்கியில்தான் கோளாறு என்று நான் ஸ்க்ரூவைத் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அங்க என்ன தம்பி பாக்குறீங்க, மூக்குக்கு முன்னாடி இருக்க கொடியப் பாருங்க." பத்து மீட்டரில் இருந்த ரிப்பன் விறைத்துக்கொண்டு நின்றது. முன்னாலேயே வாங்குகிற தள்ளு மிச்ச தூரம் முழுக்க வளர்ந்துகொண்டே போகும் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. கானலைப் படிப்பது அதைவிடப் பெரிய வித்தை. வெயில் ஏறியதும் ஸ்கோப்பில் தரை ஓரம் அலையலையாக ஓடுவது எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று பார்த்தே காற்றைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் பாதிதான் வசப்பட்டிருக்கிறது.

மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடலாம். உதை 6.5-ல் குறைவு, அறுபது எழுபது தோட்டா சுடும் நாளில் தோளுக்கு அது தெரியும். குழல் ஆயுள் .308-ல் அதிகம், 5000 தோட்டாவைத் தாண்டியும் ஓடும். 6.5-ல் 2000, 3000-க்குள் குழலின் தொண்டை, அதாவது குண்டு குழலுக்குள் நுழைகிற இடம், தேய ஆரம்பிக்கும், அதே அளவு நெருப்பு சின்ன ஓட்டை வழியாகப் போகிறதல்லவா.

இத்தனையும் சொன்னால் 6.5-ஐ வாங்கு என்றுதான் முடியும் என்று அவனும் நினைத்தான். நான் கேட்டது வேறு: "உங்க கிளப்புல என்னடா போட்டி நடக்குது?" எஃப்-டி.ஆர். என்றான், அதாவது எஃப்-கிளாஸ் என்கிற நீண்ட தூரச் சுடுதல் போட்டியின் டி.ஆர். பிரிவு. அப்புறம் என்ன பேச்சு? எஃப்-கிளாஸ் என்பதே கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்வர்சன் பெயரில் வந்தது, அதில் டி.ஆர். பிரிவில் .308, .223 இரண்டுக்கு மட்டும்தான் இடம். வேறு ரகத் தோட்டாக்களையும் விடுகிற ஓப்பன் பிரிவுக்குப் போனாலும் அங்கே 6.5 கிரீட்மூர் ராஜா கிடையாது. .284 வின்செஸ்டரில் 180 கிரெயின் 7 மி.மீ. குண்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் காற்றில் அதையும் முந்திவிடுவார்கள். விதிப்புத்தகம் எப்போதோ முடிவு செய்துவிட்டதை நாம் ராத்திரி ஒரு மணி வரை அலசிக்கொண்டிருந்தோம்.

.308 வாங்கிவிட்டான். நேற்று இலக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான், முதல்முறையாக 1000 கஜம். எல்லாம் இடது பக்கமாகக் குவிந்திருந்தது.

"அண்ணே, துப்பாக்கிலதான் ஏதோ கோளாறு. கொடி சும்மாதான் தொங்கிட்டு இருந்துச்சு."

"எந்தக் கொடிடா?" என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.